ஒரே துணியில் சாயமும் அச்சும் தையலும்: எது முதலில்?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் பல வருடமாகப் பூத்தையல் போடுகிறவர். போன வருடம் மரக்கட்டை அச்சு கற்றுக்கொண்டார். இப்போது கடுக்காய், சிவப்புத் தரும் மஞ்சிட்டி வேர், நீலம் தரும் அவுரி என்று இயற்கைச் சாயத்திலும் இறங்கியிருக்கிறார். மூன்றையும் சேர்த்துச் சுவரில் மாட்ட ஒரு தாமரைக்குளம் செய்ய ஆசைப்பட்டார். காடாத்துணியில் தாமரைகளைத் தைத்தார், கரையில் நாணல் அச்சடித்தார், கடைசியில் தண்ணீருக்கு நீலம் வேண்டுமே என்று முழுத்துணியையும் அவுரித் தொட்டியில் முக்கினார். சிவப்பு நூல் சாயம் விட்டது. தைத்த இடமெல்லாம் சுருங்கிக் கொப்பளம் போட்டது. அச்சு பாதி உரிந்து போனது. இரண்டு மாத வேலை. "கலந்து செய்வது எனக்கு வராதோ? எதை முதலில் செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்.

உங்களுக்கு நன்றாக வரும். நீங்கள் செய்த தையலிலோ அச்சிலோ குறை இருந்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் தனியாக நின்றிருந்தால் பிழைத்திருக்கும். ஒன்றின் மேல் ஒன்று ஏறிய வரிசைதான் துணியைக் கெடுத்தது. என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம், ஏனென்றால் காரணம் தெரிந்தால் அடுத்த முறை நீங்களே வரிசை போட்டுக்கொள்வீர்கள்.

காடாத்துணி தறியிலிருந்து கஞ்சியோடு வருகிறது. முதல் தடவை நன்றாக நனையும்போது மீட்டருக்கு நாலைந்து சென்டிமீட்டர் கூட உள்வாங்கும். அதன் மேல் நீங்கள் தைத்த நூல் அப்படிச் சுருங்காது. துணி சுருங்கி, நூல் சுருங்காமல் நின்றால் தையல் போட்ட இடம் எழும்பித்தானே ஆக வேண்டும்? அதை இஸ்திரி போட்டு அடக்க முடியாது. அச்சு உரிந்ததற்குக் காரணம் சூடு போதாதது. பிக்மென்ட் கலரும் அதைத் துணியில் ஒட்டவைக்கும் பைண்டரும் கலந்து அடிக்கும் அச்சு, காய்ந்தபின் நல்ல சூட்டில் இஸ்திரி பட்டால்தான் துணியோடு பிடிக்கும். பக்கத்தில் தைத்த பூ நசுங்கிவிடும் என்று பயந்து லேசாகத் தேய்த்திருப்பீர்கள். சிவப்பு நூல் விஷயம் எல்லோருக்கும் ஒருமுறையாவது நடப்பதுதான். அவுரித் தொட்டி காரமான தொட்டி. சுண்ணாம்போ சோடாவோ இல்லாமல் அவுரி கரையாது. வெறும் தண்ணீரில் சாயம் விடாத நூல்கூட காரத்தில் விட்டுவிடும்.

ஆகவே பொதுவான வரிசை இதுதான். துணியை அதிகம் வதைக்கும் வேலை முதலில், மென்மையான வேலை கடைசியில். கஞ்சி எடுத்து வேகவைப்பது, பிறகு சாயம், பிறகு அச்சும் அதற்கான சூடும், பிறகு ஊசி. சரிகை, மணி, கண்ணாடி எல்லாம் கடைசி. இப்போது கடையில் வரும் சரிகையில் பெரும்பாலானது பிளாஸ்டிக் இழைக்கு மேல் மினுக்குப் பூசியது, இஸ்திரி பட்டால் உருகும். செம்புக் கம்பிச் சரிகையாக இருந்தால் கடுக்காய்த் தண்ணீரில் கறுக்கும். இந்த வரிசையை மட்டும் வைத்துக்கொண்டே ஆயுள் முழுக்க நல்ல வேலை செய்யலாம்.

ஆனால் உங்கள் கேள்வியில் இருக்கும் ஆசை அதோடு நிற்கவில்லை. தெரிந்த மூன்றையும் அடுத்தடுத்து வைப்பதில் உங்களுக்குத் திருப்தி இல்லை, ஒன்றுக்குள் ஒன்று புக வேண்டும் என்கிறீர்கள். அதற்கு இந்த வரிசையைத் தெரிந்தே மாற்ற வேண்டும். நம் ஊரிலேயே அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள்.

கோடாலிக்கருப்பூர் என்ற ஊர் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. தஞ்சாவூர் மராட்டிய அரச குடும்பத்துக்காக அங்கே ஒரு புடவை செய்தார்கள். மெல்லிய பருத்தி நூலில் நெய்யும்போதே பூவும் கொடியும் வர வேண்டிய இடத்தில் ஜம்தானி முறையில் பொன்சரிகையைக் கோத்துவிடுவார்கள். தறியிலிருந்து இறங்கியதும் வேலை முடிந்ததாக நாம் நினைப்போம். அவர்களுக்குப் பாதி வேலைதான் முடிந்திருக்கும். அதற்கு மேல் மெழுகால் கோடு இழுத்து, கையால் எழுதி, கட்டை அச்சு அடித்து, சிவப்பும் கறுப்பும் ஏற்றுவார்கள். மெழுகு தடுத்த இடம் வெள்ளைக் கோடாக நிற்கும். சாயம் பருத்தி இழையில் ஏறும், உலோகத்தில் ஏறாது. அதனால் சிவப்புக்கு அடியிலிருந்து பொன் மினுங்கும். புதுச் சரிகையின் பளீரென்ற மஞ்சள் அதில் இல்லை, பழைய செம்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்ததும் வருமே, அந்த ஒளி. நெசவு, மெழுகு, எழுத்து, அச்சு, சாயம் என்று ஐந்து வேலை ஒரே துணியில், எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி. 1676இல் தொடங்கிய மராட்டியர் ஆட்சி 1855இல் முடிந்தது. வாங்குவோர் இல்லாமல் போனதும் அந்தப் புடவையும் மெல்ல நின்றது. இன்று அருங்காட்சியகங்களில்தான் பார்க்க முடியும். அதே கைவழியில் வந்த எழுத்துத் துணிவேலை தஞ்சைப் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்னும் நடக்கிறது. அந்த வேலைக்குக் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இந்தப் புடவையை இங்கே இழுத்ததற்குக் காரணம் இருக்கிறது. நான் மேலே சொன்ன வரிசைப்படி சரிகை கடைசியில் வர வேண்டியது. அவர்கள் அதை முதலில் வைத்தார்கள். சாயம் எதில் ஏறும், எதில் ஏறாது என்று துல்லியமாகத் தெரிந்ததால் வைத்தார்கள். (அன்றைய சரிகை நல்ல சரிகை, சாயத்தொட்டியைத் தாங்கியது என்பதும் உண்டு.) நீங்களும் வரிசையை மாற்றலாம். மாற்றும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: அடுத்த வேலை இந்த இழையை என்ன செய்யும்?

சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சித்திரத் துணிகளிலும் இதே தெளிவு உண்டு. அவற்றைச் செய்தவர்கள் கறுப்பையும் சிவப்பையும் முதலில் முடித்துவிடுவார்கள். பிறகு நீலம் வர வேண்டிய இடம் தவிர மற்ற எல்லா இடத்தையும் மெழுகால் மூடி, துணியை அவுரியில் இறக்குவார்கள். மெழுகை எடுத்தபின் மஞ்சளைக் கையால் தீட்டுவார்கள், நீலத்தின் மேல் விழுந்த மஞ்சள் பச்சையாகும். இலைக்கென்று தனிப் பச்சை கிடையாது. பழைய துணிகளில் சில இலைகள் இன்று நீலமாகத் தெரிவது இதனால்தான். மேலே தீட்டிய மஞ்சள் வெளிச்சத்தில் போய்விட்டது, அடியில் இருந்த அவுரி நின்றது.

சரி, உங்கள் வீட்டில், உங்கள் கைக்கு எட்டும் அளவில் என்ன செய்யலாம்? எனக்கு மிகவும் பிடித்த மூன்று சேர்க்கைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, தைத்துவிட்டுச் சாயம் போடுவது. நீங்கள் தெரியாமல் செய்ததையே தெரிந்து செய்வது. நன்றாக அலசி, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்த வெள்ளைப் பருத்தித் துணியில், வெள்ளை நூலாலேயே தையுங்கள். ஆனால் நூல் மூன்று வகையாக இருக்கட்டும்: பருத்தி, உண்மையான பட்டு, பாலியஸ்டர். தைத்து முடித்ததும் வெள்ளையில் வெள்ளை, ஒன்றும் பெரிதாகத் தெரியாது. சாயம் இழையில் பிடிக்கக் கடுக்காயும் படிகாரமும் கொடுத்து மஞ்சிட்டியில் போடுங்கள். பருத்தி ஒரு சிவப்பு, பட்டு அதைவிட ஆழமான இன்னொரு சிவப்பு, பாலியஸ்டர் ஏறக்குறைய வெள்ளையாகவே நிற்கும். ஒரே தொட்டியிலிருந்து மூன்று நிறம் எழும்பி வருவதை முதல் தடவை பார்த்தபோது நான் துணியைப் பிழியக்கூட மறந்து நின்றேன். அந்த நிறங்கள் எல்லாம் ஒரே சாயத்தின் பிள்ளைகள் என்பதால் ஒன்றோடொன்று சண்டை போடாது. கடையில் நூல் நிறம் தேர்ந்தெடுத்து இந்த இசைவைக் கொண்டுவர நான் பட்டபாடு கொஞ்சமில்லை.

இதில் ஒரு எச்சரிக்கை. ஃபேன்சி ஸ்டோரில் சில்க் திரெட் என்று ஆரி வேலைக்கு விற்பதில் பெரும்பகுதி பட்டு கிடையாது, ரேயானோ பாலியஸ்டரோதான். ஒரு துண்டு நூலை நெருப்பில் காட்டிப் பாருங்கள். முடி கருகிய வாடை வந்து, சாம்பல் நொறுங்கினால் பட்டு. காகிதம் மாதிரி எரிந்தால் பருத்தி அல்லது ரேயான். உருகிக் கடினமான மணியாக உருண்டால் பாலியஸ்டர். தைக்கும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

இரண்டாவது, தையலையே தடுப்பாக வைப்பது. மதுரை சுங்குடியில் துணியைக் கிள்ளி நூலால் இறுக்கி முடிச்சுப் போடுவார்கள், முடிச்சுக்குள் சாயம் போகாமல் புள்ளி வெள்ளையாக நிற்கும். அதே வேலையை ஊசியாலும் செய்யலாம். இரட்டைப் பாலியஸ்டர் நூலில் ஓட்டுத்தையல் போட்டு, நூலை இழுத்துச் சுருக்கி, முடிச்சிட்டு, அவுரியில் இறக்குங்கள். ஜப்பானியர் இதை ஷிபோரியில் பல நூற்றாண்டுகளாகச் செய்கிறார்கள். தொட்டியில் பத்து நிமிடம் ஒரேயடியாக வைக்காமல், ஒன்றிரண்டு நிமிடம் முக்கி, வெளியே எடுத்துக் காற்றில் விடுங்கள். பச்சையாக வரும், கண் முன்னாலேயே நீலமாகும். திரும்ப முக்குங்கள். ஆறேழு தடவை முக்கிய நீலம் ஒரே தடவையில் வந்த நீலத்தைவிடக் கெட்டியாக நிற்கும்.

நூலை வெட்டிப் பிரித்தபின் வரும் கோடுதான் விசேஷம். நேர்க்கோடாகத் தைத்திருந்தாலும் அது நீர் அலை மாதிரி, இருபுறமும் பல் பல்லாக, நடுவில் வெளுத்து நிற்கும். உற்றுப் பார்த்தால் ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரியும். துணியைத் துவைத்து இஸ்திரி போட்டால் அவை மூடிவிடும். அதற்கு முன்பே, அந்தத் துளைகள் வழியாகவே இரண்டு இழை வெள்ளை நூலைத் திரும்ப ஓட்டுங்கள். சாயத்தைத் தடுத்த தையல் போன அதே வழியில் அலங்காரத் தையல் போகிறது. உங்கள் குளத்தில் தண்ணீருக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்றாவது, கடுக்காயும் இரும்பும். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

ஒரு ஐப்பசியில் நடந்தது. கடுக்காய்த் தண்ணீரில் தோய்த்துக் காயவைத்த ஒரு துணியில் ஒட்டுத்துணி வேலைக்காகச் சின்னச் சின்னத் துண்டுகளைக் குண்டூசி குத்தி வைத்திருந்தேன். இரவு மழைச்சாரல் ஜன்னல் வழியாக அடித்து மேசையை நனைத்துவிட்டது. காலையில் பார்த்தால் ஒவ்வொரு குண்டூசியைச் சுற்றியும் கருநீலம் கலந்த சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். ஊசி துணிக்குள் போன இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, வெளியே வந்த இடத்தில் இன்னொன்று, நடுவில் ஊசி படுத்திருந்த நீளத்துக்கு மங்கலான நிழல். துவைத்தேன், போகவில்லை. போகவே போகாது. கடுக்காயில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்பைத் தொட்டால் கறுப்பாகி இழைக்குள் பூட்டிக்கொள்கிறது. காளஹஸ்தி கலம்காரியின் கறுப்புக் கோடு முழுவதும் இந்த ஒரே வினையில்தான் நிற்கிறது. கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து வெயிலில் காயவைத்த துணியில், துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் இரண்டு மூன்று வாரம் ஊறிப் புளித்த தெளிந்த நீரால் எழுதுகிறார்கள். கலம் என்ற எழுதுகோலிலிருந்து இறங்கும்போது வெளிறித் தெரியும் கோடு, துணியைத் தொட்டதும் கறுக்கும். பாலிலுள்ள கொழுப்பு அந்தக் கோட்டைப் பரவாமல் பிடித்து நிறுத்துகிறது.

அன்றிலிருந்து நான் வேண்டுமென்றே குண்டூசி குத்துகிறேன். நாணல் தண்டு, மீன் முள், மழை இதெல்லாம் வரைந்தால் வராத ஒரு இயல்போடு வரும். பழைய ஆணி, வாஷர், உடைந்த பூட்டுச் சாவி எதை வேண்டுமானாலும் ஈரத் துணியில் சுருட்டிக் கட்டி ஒரு இரவு விடலாம். அப்புறம் அந்த நிழல்களைப் பார்த்து எங்கே தையல் போட வேண்டும், எங்கே போடாமல் விட வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். முக்கியமாக, எங்கே விட வேண்டும் என்று. ஒரு நல்ல கறை விழுந்தால் அதைச் சுற்றிக் கோடு தைத்து மூடிவிட ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் தள்ளி நான்கு முடிச்சுத் தையல் போட்டால் போதும், கண் தானாகக் கறைக்குப் போகும்.

இரும்பைக் குறைவாகவே பயன்படுத்துங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அதிக இரும்பு காலப்போக்கில் பருத்தி இழையை மக்கவைக்கும். பழைய கலம்காரித் துணிகளில் மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்க, கறுப்புக் கோடு ஓடிய வழியில் மட்டும் துணி உதிர்ந்து போயிருப்பதைப் பார்க்கலாம். வேண்டிய நிழல் வந்ததும் இரும்பை எடுத்துவிட்டு இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாக அலசுங்கள்.

தண்ணீர் என்றதும் ஒன்று. போர்வெல் தண்ணீரில் இரும்பு இருந்தால் உங்கள் மஞ்சிட்டிச் சிவப்பு எப்போதும் மங்கிப் பழுப்பாகவே வரும், நீங்கள் மஞ்சிட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்த்தூள் போட்டு அரைமணி நேரம் வையுங்கள். சாம்பலோ கறுப்போ ஆனால் அந்தத் தண்ணீர் சாயத்துக்கு ஆகாது. மழைநீர் பிடித்து வைப்பது நல்லது.

துணி என்ன எடுப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பாதி வெற்றி அதில் இருக்கிறது. புதுக் காடாத்துணி எடுத்தால் சோடா போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, பழுப்புத் தண்ணீர் போகும் வரை அலசி, காயவைத்து, சூடாக இஸ்திரி போட்டு, அதற்குப் பிறகுதான் அளவெடுத்து வெட்ட வேண்டும். என்னைக் கேட்டால் பழைய எட்டு முழ வேட்டிக்கு ஈடு எதுவும் இல்லை. நூறு தடவை துவைத்த துணி, இனிச் சுருங்க ஒன்றுமில்லை. கஞ்சி, சொட்டு நீலம் இருந்தால் அதைப் போக்க வெந்நீரில் ஒரு முறை. ஊசி வெண்ணெயில் போவது போலப் போகும். ஒற்றையாக எடுத்தால் நைந்துவிடும் என்பதால் இரண்டு மூன்று அடுக்கு வைத்து ஓட்டுத்தையலால் பிணைக்க வேண்டும். வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கித் தைக்கும் காந்தா இதே வேலைதான். நாம் 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்கிறோமே, அந்தக் கந்தையும் அந்தக் காந்தாவும் ஒரே வேரிலிருந்து வந்த சொற்கள்.

எண்ணித் தைக்கும் தையல் ஏதாவது சேர்க்க நினைத்தால் மட்டும் துணியில் சமரசம் வேண்டாம். நீலகிரியில் தோடர்கள் புட்குளி என்ற தங்கள் போர்வையில் சிவப்பும் கறுப்புமாகத் தைப்பது ஊடும் பாவும் எண்ணித்தான், வரைந்துகொண்டு தைப்பதில்லை. இழைகள் தெளிவாகத் தெரியும் கெட்டியான நெசவு அதற்கு வேண்டும். நைந்த வேட்டியில் எண்ண முடியாது, சாயத்தில் கொதித்து இழை நகர்ந்த துணியிலும் கண் வலிக்கும்.

சரி, உங்கள் தாமரைக்குளத்தையே நான் செய்வதாக இருந்தால் எப்படிப் போவேன் என்று சொல்கிறேன். பழைய வேட்டியில் ஒரு மீட்டர். தண்ணீர் வரும் பகுதியில் குறுக்காக ஏழெட்டு வரி ஓட்டுத்தையல் போட்டு இழுத்துச் சுருக்குவேன். தாமரை வரும் இடங்களைத் தேன்மெழுகும் பாரபினும் கலந்து தூரிகையால் மூடுவேன். பாரபின் மட்டும் என்றால் நொறுங்கி விரிசல் வழியாகச் சாயம் புகும், தேன்மெழுகு சேர்ந்தால் வளைந்து கொடுக்கும். மெழுகை நேராக நெருப்பில் வைக்காமல், கொதிக்கும் தண்ணீருக்குள் ஒரு பாத்திரம் வைத்து உருக்குங்கள், புகை வந்தால் சூடு அதிகம். பிறகு அவுரி. பிறகு தையலைப் பிரித்து, துளைகள் மூடும் முன் சில வரிகளில் மட்டும் வெள்ளை நூல் ஓட்டுவேன். அதன் பின் கொதிநீரில் மெழுகை எடுப்பது. மிதக்கும் மெழுகை ஆறவைத்து எடுத்துவைத்தால் அடுத்த முறைக்கு ஆகும்.

அடுத்து கடுக்காய். 100 கிராம் துணிக்கு 20 கிராம் தூள் வைப்பேன். வெள்ளை இடமெல்லாம் லேசான மஞ்சள் பழுப்பாகும், நீலத்தின் மேல் ஏறிய கடுக்காய் குளத்துக்குப் பாசி நிறம் தரும். அவுரியை முன்னால் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணம், கடுக்காயும் படிகாரமும் கொடுத்தபின் காரத் தொட்டியில் இறக்கினால் கொடுத்ததில் கொஞ்சம் கழன்று போய்விடும். கடுக்காய் காய்ந்ததும் கரையோரம் குண்டூசிகளைக் குத்தி நனைத்து நாணல். அலசிக் காயவைத்து, தாமரை இதழ்களில் மட்டும் படிகாரக் கரைசலைத் தூரிகையால் தீட்டுவேன். கண்ணுக்குத் தெரியாது என்பதால் ஒரு துளி மஞ்சிட்டிச் சாயத்தைக் கலந்துகொள்ளலாம். ஒரு நாள் விட்டு, லேசாக அலசி, மஞ்சிட்டித் தொட்டி. கை பொறுக்காத சூடு போதும், கொதிக்கவிட்டால் சிவப்போடு பழுப்பும் இறங்கிவிடும். படிகாரம் பட்ட இடம் சிவக்கும், மற்ற இடத்தில் ஒட்டிய மெல்லிய நிறம் சில அலசலில் போய்விடும். முழுதாகப் போகாவிட்டாலும் மாலை வெயில் பட்ட குளம் மாதிரிதான் இருக்கும்.

கட்டை அச்சுக்கு இந்தத் துணியில் பெரிய இடம் கொடுக்க மாட்டேன். பிக்மென்ட் அச்சு துணி மேல் ஒரு தோலாக உட்காரும். அதற்கு மேல் ஊசி சுலபமாகப் போகாது, சாயமும் ஏறாது. உங்களுக்குக் கட்டை அச்சு வேண்டுமென்றால் பைண்டருக்குப் பதில் படிகாரத்தையே புளியங்கொட்டைப் பசையில் கெட்டியாக்கி அடியுங்கள். அச்சடித்த இடமெல்லாம் மஞ்சிட்டியில் சிவப்பாக எழும்பும், துணி மென்மையாகவே இருக்கும். அச்சும் சாயமும் அப்போதுதான் ஒரே வேலையாகும்.

தையல் கடைசியில்தான், ஆனால் கொஞ்சமாக. இதழின் விளிம்பு முழுவதும் காம்புத்தையல் போடாமல், வெளிச்சம் படும் ஒரு பக்கம் மட்டும். ஆரி வேலை பழகியவர்களுக்கு இடைவெளி விடாமல் நிரப்பும் பழக்கம் இருக்கும். இந்த மாதிரித் துணியில் சாயம் தானாகச் செய்திருக்கும் ஏற்ற இறக்கத்தை மறைக்கிற ஒவ்வொரு தையலும் நஷ்டம். இஸ்திரி போடுவதென்றால் டர்க்கித் துண்டின் மேல் தையல் பக்கத்தைக் கவிழ்த்து, பின்புறத்திலிருந்து.

இதையெல்லாம் நேராகப் பெரிய துணியில் தொடங்காதீர்கள். உள்ளங்கை அளவில் பத்துப் பன்னிரண்டு துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சேர்க்கையை மட்டும் செய்து பாருங்கள். பென்சிலில் எழுதினால் அழிந்துவிடும். ஓரத்தில் பாலியஸ்டர் நூலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிச்சுப் போட்டுவிட்டு, நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே எத்தனை கிராம், எத்தனை நிமிடம், எந்தத் தண்ணீர் என்று எழுதுங்கள். என்னிடம் இப்படி ஒரு பிஸ்கட் டின் நிறையத் துண்டுகள் இருக்கின்றன. புது வேலை தொடங்கும்போது முதலில் திறப்பது அதைத்தான். வாங்கிய நூல் சாயம் விடுமா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும்: நனைத்த வெள்ளைத் துணிக்கு நடுவில் நூலை வைத்து மேலே சூடான இஸ்திரியை அழுத்தினால் போதும். சிவப்பு, கறுப்பு, கருநீலம் மூன்றையும் கட்டாயம் சோதியுங்கள்.

முடிந்ததைக் கண்ணாடி போட்டு அடைக்க வேண்டாம், நம் ஊர் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடிக்கும். மேல் விளிம்பில் பின்பக்கம் ஒரு பட்டையைத் தைத்து, மூங்கில் கழியை அதில் நுழைத்துத் தொங்கவிடுங்கள். நேர் வெயில் படாத சுவராக இருக்கட்டும். சமையல் மஞ்சளில் சாயமிட்ட எதையும் சுவருக்குச் செய்யாதீர்கள், சில வாரத்தில் வெளுத்துவிடும். மஞ்சள் வேண்டுமென்றால் மாதுளைத்தோல் எவ்வளவோ தாங்கும்.

கடைசியாக, வீணாகிவிட்டது என்று நீங்கள் சொன்ன அந்தப் பழைய துணி. அதை எறிய வேண்டாம். கோயில் தேரில் தொங்கும் தொம்பையைப் பார்த்திருப்பீர்கள், யாளியும் யானையும் பூவும் தனித்தனித் துணியில் வெட்டி, இன்னொரு துணியில் வைத்துத் தைத்தவை. விட்ட சாயம் அதிகம் கெடுத்தது தாமரையைச் சுற்றியுள்ள துணியைத்தான். தாமரைகள், கொஞ்சம் நீலம் ஏறி, ஆங்காங்கே கொப்பளித்திருந்தாலும் பயன்படும். தையலுக்கு வெளியே அரை அங்குலம் விட்டு ஒவ்வொன்றாக வெட்டி எடுங்கள். ஓரத்தில் ஆங்காங்கே கத்தரியால் சின்ன வெட்டுக் கொடுத்து, உள்ளே மடித்து, புதுக் குளத்தின் மேல் வைத்துக் கண்ணுக்குத் தெரியாத ஹெம்மிங் தையலால் பதியுங்கள். நடுவில் கொப்பளம் போட்ட பூக்களை இழுத்துத் தட்டையாக்க வேண்டாம். அந்த எழுச்சி அப்படியே இருக்கட்டும், தண்ணீரிலிருந்து மேலே நிற்கும் பூவாகத் தெரியும்.